விருந்தாளி சொன்ன புதாபெஸ்ட்

தார்னோட்சி கெதியோன் படியேறி வந்தபோது, பிரோஷ்கா மாடிப்படியில் உட்கார்ந்து காலுறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். இஸ்தான்புல்லின் கலாத்தாச் சரிவில் இருந்த அந்த வாடகை வீட்டுக்கு அவ்வளவு நல்ல கோட்டு போட்டவர்கள் யாரும் வருவதில்லை. வந்தவர் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். பெயர்ப் பலகை இல்லாத கதவைப் பார்த்தார். பிரெஞ்சில் எதையோ கேட்கத் தொடங்கியவர், அவள் முகத்தைக் கவனித்துவிட்டுப் பாதியிலேயே ஹங்கேரிய மொழிக்கு மாறினார்.

“கெலெமென் இன்ஸ்பெக்டர் இங்கதானே இருக்கார்?”

“இன்ஸ்பெக்டரா இருந்தப்ப அவர் இங்க இல்லை. இப்ப இங்க இருக்கார், இன்ஸ்பெக்டரா இல்லை,” என்றாள் பிரோஷ்கா. “உள்ள வாங்க.”

கெலெமென் அம்ப்ருஷ் கணப்படுப்பின் மேல் கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், அறுபது கடந்த பிறகும் முதுகு வளையவில்லை. ஒரு காலத்தில் புதாபெஸ்ட் போலீசில் அவர் பெயரைச் சொன்னால் கைதேர்ந்த திருடர்களே எழுந்து நிற்பார்கள் என்று பேச்சு. பிறகு யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. அவருடைய மனைவி யூதப் பெண். வேலையா மனைவியா என்று மேலிடத்தில் கேட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். இஸ்தான்புல்லுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அந்த மனைவியும் போய்ச் சேர்ந்தாள். இப்போது கப்பல் சரக்குத் திருட்டுகளைக் காப்பீட்டுக்காரர்களுக்கு விசாரித்துக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் குடியிருந்த பிரோஷ்கா மாலையில் பேரா வட்டாரத்தில் ஒரு மது விடுதியில் பாடுவாள். பகலில் அவருடைய விசாரணைகளுக்குள் மூக்கை நுழைப்பாள். கூப்பிடாமலே வந்து ஒட்டிக்கொண்டவள்தான். அவரும் போகச் சொன்னதில்லை.

தார்னோட்சி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய வணிக அலுவலகம் வெளியுலகுக்கு உலர்ந்த அத்திப்பழமும் பதனிட்ட தோலும் வாங்கும் இடம். உள்ளே நடப்பது வேறு என்று அரசல்புரசலாக அம்ப்ருஷுக்குத் தெரியும்.

“இந்தச் சண்டையில நம்ம நாடு தப்பான பக்கம் உக்காந்திருக்கு. இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.”

“என் பெஞ்சாதிக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தது,” என்றார் அம்ப்ருஷ்.

தார்னோட்சி தலை குனிந்துகொண்டார். பிறகு மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். கோடையிலிருந்து அவர் ஓர் ஆங்கிலேயரைச் சந்தித்து வருகிறார். ஒரு தையல்கடையின் பின்னறையில், கோட்டுக்கு அளவெடுக்கும் சாக்கில். ஜெர்மன்காரனைக் கைவிட்டு நீங்கள் எங்கள் பக்கம் வருவீர்களா என்பது ஆங்கிலேயர் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் புதாபெஸ்டிலிருந்து வரவேண்டும். எழுத்தில் அனுப்ப முடியாது. தந்தி கொடுத்தால் முதலில் ஜெர்மன்காரன் படிப்பான். அதனால் ஒரே ஓர் ஆளின் மனத்தில் பூட்டி அனுப்பினார்கள். அமைச்சகத்து ஆள், பெயர் செபெஷி. தார்னோட்சி அவரை முன்பின் பார்த்ததில்லை.

“போன ரயில்ல வந்தார். என் காரியதரிசி போதோர் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தான். அடையாள வாசகத்தைக் கேட்டேன். ‘ஏரியில மீன் எப்படி?’ ‘மீன் இருக்கு, வலைதான் இல்லை.’ சரியாச் சொன்னார்.”

“பதில் என்ன?”

“கதவைச் சாத்துன்னு. இனிமே இங்கிலீஷ்காரரைப் பாக்கவே கூடாதாம்.”

“உங்களுக்குப் பிடிக்கலை. அதனால நம்பலை.”

“அப்படியும் இருக்கலாம். அதை உங்களை வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்.” தார்னோட்சி கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “செய்தியைச் சொல்லி முடிச்சதும் என் முகத்தையே பாத்தார். செய்தி கொண்டுவந்தவன் அப்படிப் பாக்கமாட்டான். நல்லாச் சொன்னேனான்னு கேக்கற மாதிரி இருந்தது.”

“வாசகம் வேற யாருக்குத் தெரியும்?”

“போதோருக்கு மட்டும். வியன்னா நாள்லேருந்து என்கூட இருக்கான். அவன் மேல சந்தேகப்பட்டா நான் என் கையையே சந்தேகப்படணும்.”

“கைதான் பல சமயம் திருடும்,” என்றார் அம்ப்ருஷ்.

தார்னோட்சி சிரிக்கவில்லை. “நாளை மறுநாள் காலை ரயில்ல செபெஷி திரும்பறார். வெள்ளிக்கிழமை நான் இங்கிலீஷ்காரருக்குப் பதில் சொல்லணும். இல்லைன்னு சொன்னா அந்தக் கதவு மறுபடி திறக்காது. ஆமான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. யார்கிட்ட கேப்பேன்? ஒரு நாடே எனக்குப் பின்னால நிக்குதுன்னு சொல்றாங்க. திரும்பிப் பாத்தா ஒரு ஆள் இல்லை.”

மறுநாள் பிற்பகல் விருந்தாளியைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. பழைய நண்பர், ஊர்க்கதை கேட்க வந்திருக்கிறார் என்று சொல்லிக்கொள்வார்கள். கையுறையை மாட்டும்போது தார்னோட்சி மரியாதைக்காகப் பிரோஷ்காவிடம் கேட்டார்:

“நீங்க எப்ப ஊரை விட்டு வந்தீங்க?”

“போன வருஷம் வசந்தத்துல. அம்மா போன பிறகு அங்க இருக்கப் பிடிக்கலை.”

“உடம்பு சரியில்லாமலா?”

“கார் மோதி. போக்குவரத்துச் சட்டத்தை மாத்தின புதுசு. அம்மா ஆயுசு பூரா பாத்துப் பழகின பக்கத்தையே பாத்தா.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “புருஷன் ரஷ்யாவுல, சண்டையில, தோன் நதிக்கரையில போனான். அது நான் இங்க வந்த பிறகு.”

தார்னோட்சி இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறை தலைவணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் பேராவில் மழை. தார்னோட்சியின் அலுவலக வரவேற்பறையில் செபெஷி நெருப்புக்கு அருகில் அமர்ந்திருந்தார். வெள்ளித் தலைமுடியும் உருண்ட உடம்புமாக இருந்தார். குரல் மட்டும் வாலிபனுடையது. அறை முழுதும் நிறையும்படி, ஆனால் யாரையும் இடிக்காமல் அந்தக் குரல் நடமாடியது. காரியதரிசி போதோர் மெலிந்த மனிதர். கன்னத்தைச் சுற்றிக் கம்பளித் துணியைக் கட்டியிருந்தார்.

“பல்வலி,” என்று தார்னோட்சி விளக்கினார். “தினமும் மத்தியானம் பல் டாக்டர்கிட்ட ஓடறான். பாவம்.”

“பிடுங்கித் தொலைக்கறதுதானே?” என்றாள் பிரோஷ்கா.

“பிடுங்கறதுக்கு முன்னால அது தானா மனசு மாறுமான்னு பாக்கறேன் அம்மா,” என்றார் போதோர். கெட்டவராகத் தெரியவில்லை. கிண்ணத்தில் இருந்த ஹேசல் பருப்புகளை ஓட்டோடு எடுத்துக் கடைவாயில் வைத்துப் பட்டென்று உடைத்து, பருப்பை எல்லோருக்கும் நீட்டினார்.

சமையல்காரி காப்பி கொண்டுவந்தாள். சண்டை தொடங்கியதிலிருந்து இஸ்தான்புல்லில் காப்பி என்பது பெயரளவில்தான். வறுத்த கொண்டைக்கடலையை அரைத்துக் காய்ச்சியதுதான் சிறு கோப்பையில் வரும். பிரோஷ்கா வழக்கம்போல் முகம் சுளித்தாள். செபெஷி பேச்சின் நடுவே சாவகாசமாக உறிஞ்சி, அடியில் வண்டல் தொடங்கும் இடத்தில் நிறுத்திக் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

“இந்த ஊருக்கு முன்னால வந்திருக்கீங்களா?” என்று அம்ப்ருஷ் கேட்டார்.

“இதான் முதல் தடவை. ஜன்னல் வழியா மசூதியும் மழையும் பாத்தேன். வேற ஒண்ணும் பாக்கலை.”

“ஊர் எப்படி இருக்கு?”

செபெஷி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். கிளம்பிய அன்று காலை பெரிய சாலையின் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. மூலையில் இருந்த காப்பிக் கடைக்குள் நுழைந்தார். கேட்காமலே பரிசாரகர் கசகசா ரொட்டியும், மேலே பாலாடை நுரை குவித்த காப்பியும் கொண்டுவந்து வைத்தார்.

“மூலைக் கடையா? நாடகக் கொட்டகைக்கு எதிர்ல?” அம்ப்ருஷ் முன்னால் சாய்ந்தார். “காதுல பென்சில் சொருகியிருப்பாரே, அந்த ஆளா?”

“அதே ஆள். அந்தப் பென்சிலால அவர் எழுதி நான் பாத்ததில்லை.”

அம்ப்ருஷ் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்துப் பிரோஷ்கா பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

“சாப்பிட்டுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வரேன். நடைபாதையை விட்டுக் காலைக் கீழ வைக்கிறேன், வலது கைப் பக்கமிருந்து ஒரு டாக்சி பெட்டியை உரசிட்டுப் போய் நிக்குது. டிரைவர் தலையை நீட்டி,” செபெஷியின் குரல் சட்டென்று கரகரத்தது, “‘ஏன்யா கிழவா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா? பின்னால டிராம் சும்மாத்தான வருது, அதுல போய் விழு’ன்னான்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிரோஷ்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வண்டி உரசியது என்ற பேச்சு வந்தாலே அவளுக்கு அம்மாவின் முகம் வந்துவிடும்.

அதற்குப் பிறகு அம்ப்ருஷ் விசாரிக்க வந்ததையே மறந்துவிட்டவர்போல் இருந்தார். பாலத்து விளக்குகளைப் பற்றிக் கேட்டார், வெந்நீர்க் குளியல் மண்டபத்தைப் பற்றிக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமைத் தீவுப் பூங்காவைப் பற்றிக் கேட்டார். செபெஷி ஒவ்வொன்றையும் வாரி வழங்கினார். எழுந்து விடைபெறும்போது அம்ப்ருஷின் கண்கள் ஈரமாக இருந்தன.

மழை விட்டிருந்தது. அம்ப்ருஷும் பிரோஷ்காவும் சரிவில் இறங்கினார்கள். கலாத்தாப் பாலத்தின் நடுவில் அம்ப்ருஷ் நின்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். கீழே படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

“நல்ல மனுஷன்,” என்றாள் பிரோஷ்கா. “போலியா இருப்பான்னு எனக்குத் தோணலை, மாமா. அவ்வளவு விவரமா யாரால சொல்ல முடியும்?”

“ஒரு இடத்துலகூட எனக்குத் தடுக்கலை, பிரோஷ்கா. கண்ணை மூடினேன், அவர் பேசப் பேச நான் அந்தத் தெருவுல நடந்தேன். கல்லு கல்லா எல்லாம் இருந்த இடத்துலயே இருந்தது. அதான் இப்பப் பயமா இருக்கு. நான் ஊரை விட்டு நாலு வருஷம் ஆச்சு. அதுல சண்டை வந்தது, ரேஷன் வந்தது, ஆம்பளைங்க பாதிப் பேர் தோன் கரைக்குப் போனாங்க. இப்பத்தான் அங்கேருந்து வந்தவன் சொல்ற ஊர்ல எனக்குத் தெரியாத ஒரு கல்லாவது இருக்கவேண்டாமா?”

பிரோஷ்கா நிமிர்ந்தாள். “பாலாடை நுரை.”

“ம்.”

“நான் கிளம்பறதுக்கு முன்னாலயே பாலாடையைக் கண்ணால பாக்க முடியலை. ரொட்டிக்குச் சீட்டு, சர்க்கரைக்குச் சீட்டு. அமைச்சகத்து ஆளுக்கு ஒருவேளை கெடைக்குமோ?”

“கெடைக்கலாம். அதை வச்சு ஒருத்தனைப் பொய்யன்னு சொல்லமாட்டேன். இன்னொண்ணு இருக்கு.” அம்ப்ருஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “என்னை மன்னிச்சுக்கோ. உன் அம்மாவைப் பத்திக் கேக்கணும். அந்தக் கார் எந்தப் பக்கமிருந்து வந்தது?”

“இடது பக்கம். வண்டியெல்லாம் இனிமே ரோட்டுக்கு வலது ஓரமாப் போகணும்னு மாத்திட்டாங்களே. நடைபாதையை விட்டு இறங்கினா பக்கத்து வண்டி இடது கைப் பக்கமிருந்துதான் வரும். அம்மா வலது பக்கம் பாத்துட்டே…” பிறகு மெல்லச் சொன்னாள்: “அவரோட டாக்சி வலது கைப் பக்கமிருந்து வந்தது.”

“எனக்கும் அப்படித்தான் கண்ணுல தெரிஞ்சது. தார்னோட்சிக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்; அவரும் சட்டம் மாறறதுக்கு முன்னால வந்தவர். நாங்க வாழ்ந்த ஊர்ல வண்டி அந்தப் பக்கந்தான் வரும். அவர் போன வாரத்து ஊரைச் சொல்லலை. நாங்க விட்டுட்டு வந்த ஊரைச் சொன்னார். அந்த மனுஷனும் எங்களை மாதிரி எப்பவோ வெளிய வந்தவர்.”

“வந்து எங்க இருந்தார்?”

“இங்கதான். நீ முதல்நாள் இந்த ஊர்க் காப்பியைக் குடிச்சப்ப என்ன பண்ணின?”

“கஞ்சி தீஞ்சுபோச்சான்னு கேட்டேன். அடிமண்டியையும் சேத்து விழுங்கிட்டு ராத்திரி பூரா பல்லு இடுக்குல மண்ணு.”

“ஊருக்குப் புதுசுன்னு சொல்ற ஆள் அது என்னன்னு கேக்கலை, முகம் சுளிக்கலை, வண்டல் வந்த இடத்துல நிறுத்தினார். கைப்பழக்கம் பொய் சொல்லாது.”

பிரோஷ்கா அவர் பக்கம் திரும்பினாள். “அப்ப நிஜமான செபெஷி? கொன்னுட்டாங்களா?”

“கொன்னா அவர் ஊர் திரும்பமாட்டார். அங்க தேடுவாங்க, குட்டு உடையும். இதைச் செஞ்சவன் புத்திசாலி. செபெஷி நல்லபடியா வீடு போய்ச் சேரணும், ‘தார்னோட்சிகிட்ட நேர்ல சொல்லிட்டேன்’னு சத்தியம் பண்ணணும். அப்பத்தான் ரெண்டு பக்கமும், மத்தவன்தான் பின்வாங்கினான்னு நெனைச்சுக்கும்.”

“ஆனா தார்னோட்சியை அவர் பாக்கவே இல்லையே.”

“பாத்திருக்கார். ஏதோ ஒரு தார்னோட்சியை.” அம்ப்ருஷ் நடக்கத் தொடங்கினார். “கடைவாயால ஹேசல் ஓட்டை உடைக்கிற ஒருத்தர் தினமும் மத்தியானம் எந்தப் பல் டாக்டர்கிட்ட போறார்னு யோசிச்சியா?”

ரயில் நிலையம் சிர்கேஜியில். மறுநாள் காலை தார்னோட்சி, அம்ப்ருஷ் சொல்லிக்கொடுத்தபடி, விருந்தாளியை வழியனுப்பத் தானே வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். போதோர் எவ்வளவோ மறுத்துப் பார்த்துவிட்டு, அப்படியானால் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். ரயில் கிளம்ப இன்னும் நிறைய நேரம் இருந்தது. நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் உள்மூலையில் தார்னோட்சியும் போலி விருந்தாளியும் அம்ப்ருஷும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளி கதை சொல்லவில்லை. அவர் கண் வாசலையே சுற்றிக்கொண்டிருந்தது.

பிரோஷ்கா நடைமேடையில் இருந்தாள். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். நிஜமான செபெஷியும் அதே ரயிலில்தான் ஊர் திரும்பவேண்டும்; ஆனால் அவர் எப்படி இருப்பார் என்று அம்ப்ருஷுக்கும் தெரியாது. “நம்ம மொழியில சத்தமாத் திட்டு,” என்று மட்டும் சொல்லியிருந்தார். “உனக்கு அது கைவந்த கலை.”

ஐரோப்பா போகும் பெட்டிகளின் பக்கம் கூட்டம் சேர்ந்தபோது அவள் பையின் பிடியை விட்டாள். பழங்கள் நடைமேடை எங்கும் உருண்டன. பையைத் தைத்தவனையும் அவன் பாட்டன் முப்பாட்டனையும் வரிசையாகக் கூப்பிட்டுத் தாய்மொழியில் வாழ்த்தினாள். துருக்கியர்கள் பழத்தைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் பொறுக்குவதற்கு முன்னால் சிரித்தார்.

நாற்பது வயது இருக்கும். துணியைப் பிரித்து உள்பக்கம் வெளிவரத் தைத்த பழைய கோட்டு. சட்டைப்பை உலர்திராட்சையும் தேயிலையுமாகப் புடைத்திருந்தது. குனிந்து இரண்டு பழங்களை எடுத்து, ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு நீட்டினார்.

“பாத்துப் போங்கம்மா. ஊர்ல இதைக் கண்ணால பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றவர் போதோர். கன்னத்தில் துணி இல்லை. பிரோஷ்காவைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

“பல்வலி எப்படி இருக்கு?” என்றாள் பிரோஷ்கா.

கோட்டுக்காரர் திரும்பினார். “உங்களுக்குப் பல்வலியா, தார்னோட்சி ஐயா? சொல்லவே இல்லையே.”

போதோர் ஓடவில்லை. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். பல நாள் சுமந்ததை இறக்கியவர்போல் இருந்தது அது. “உள்ளதான் உக்காந்திருக்காரா?” என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

சாப்பாட்டுக் கூடத்து மூலையில் ஐந்து நாற்காலிகள் போதவில்லை. பிரோஷ்கா சுவரோரம் நின்றுகொண்டாள். தார்னோட்சி தன் காரியதரிசியைப் பார்க்கவே இல்லை. வந்த புதியவரிடம், “ஏரியில மீன் எப்படி?” என்று கேட்டார்.

செபெஷி திகைத்துப் போதோரைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். “மீன் இருக்கு, வலைதான் இல்லை. ஆனா இதை நான் இவர்கிட்ட ஏற்கெனவே…”

“அவர் பேர் போதோர். நான்தான் தார்னோட்சி.”

அம்ப்ருஷ் குரலை உயர்த்தாமல் விளக்கினார். ரயில் வந்த அன்று போதோர் செபெஷியைத் தனியாக இறக்கி, எங்கோ ஒரு விடுதியில் வைத்தது. தன்னையே தார்னோட்சி என்று சொல்லிக்கொண்டு செய்தியை வாங்கியது. வெளியே தலை காட்டினால் ஆபத்து என்று அவரை அறையிலேயே அடைத்துவைத்துத் தினமும் மத்தியானம் போய்ப் பார்த்தது. இன்னொருவரை செபெஷி என்று அலுவலகத்துக்குக் கூட்டிவந்தது. டாக்சியையும் காப்பி வண்டலையும் பற்றிச் சொன்னபோது போலி விருந்தாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“வண்டி பக்கம் மாறிடுச்சா?” என்றார் அவர். “எனக்கு யாரும் சொல்லலையே.”

“எனக்கும் தெரியாது,” என்றார் போதோர்.

தார்னோட்சி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி, முதற்பெயர் சொல்லிக் கேட்டார். “எவ்வளவு குடுத்தாங்க, வில்மோஷ்?”

“யாரும் ஒண்ணும் குடுக்கலை. யாருக்கும் இது தெரியாது. நானாத்தான் செஞ்சேன்.” போதோர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு மூணு பொண்ணுங்க, புதாபெஸ்ட்ல. நீங்க இங்க தையக்கடையில ஒருத்தன் கையைப் பிடிச்சுக் குலுக்குவீங்க. மறுநாள் காலைல ஜெர்மன் டாங்கி என் வீட்டு வாசல்ல நிக்கும். இங்கிலீஷ்காரன் எங்க இருக்கான்? இத்தாலியில மலைமேல ஊந்துட்டிருக்கான். அவன் வர்றதுக்குள்ள நம்ம ஊர்ல யார் மிச்சம் இருப்பாங்க? உங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அதனால தைரியம் இருக்கு.”

வெளியே என்ஜின் நீராவி விட்டது.

“உன் பயம் தப்புன்னு நான் சொல்லலை,” என்றார் தார்னோட்சி கடைசியில். “எனக்கும் அதே பயம் இருக்கு. ஆனா அந்தப் பதிலைச் சொல்ற உரிமை உனக்கு இல்லை. எனக்கும் இல்லை.” செபெஷி பக்கம் காதைச் சாய்த்தார். செபெஷி இரண்டே வாக்கியம் சொன்னார். பிரோஷ்காவுக்குக் கேட்கவில்லை. தார்னோட்சியின் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். அங்கே வயதுதான் வந்தது.

செபெஷி ரயிலேறிப் போனார். சட்டைப்பையில் பிரோஷ்கா திணித்த எலுமிச்சம்பழங்களும் போயின.

“இவரை என்ன செய்யப் போறீங்க?” என்று அம்ப்ருஷ் கேட்டார்.

“என்ன செய்ய முடியும்? ஊருக்குத் திருப்பி அனுப்பினா ஏன்னு கேப்பாங்க. கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஜெர்மன்காரன் ஆளுங்க. இங்க போலீஸ்ல சொன்னா அத்திப்பழம் வாங்கற ஆபீஸ்ல இதெல்லாம் என்னன்னு கேப்பாங்க.” தார்னோட்சி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “கூடவேதான் இருக்கணும். தினமும் எதிர்ல உக்காந்துதான் சாப்பிடணும். வா, வில்மோஷ்.”

இருவரும் முன்னும் பின்னுமாகப் போனார்கள். அத்தனை வருடமும் அப்படித்தான் போயிருப்பார்கள்.

மிச்சம் இருந்தவர் போலி விருந்தாளி. அவர் பெயர் ஹால்மி. மாகாண மேடைகளில் ராஜா வேஷம் கட்டிய நடிகர். பத்து வருடத்துக்கு முன் ஒரு நாடகக் குழுவோடு இஸ்தான்புல் வந்தார். குழு உடைந்தது, முதலாளி ஓடிப்போனான், இவர் தங்கிவிட்டார். போதோர் இவரை ஒரு சூப்புக் கடையில் கண்டுபிடித்தாராம்.

“என்னைப் பிடிச்சுக் குடுக்கணும்னா குடுங்க,” என்றார் ஹால்மி. “நாலு நாள் நல்ல சாப்பாடு சாப்பிட்டேன். அது பெரிசில்லை. நம்ம மொழியில பேசினேன், எதிர்ல ஆள் இருந்தாங்க, கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க கண்ணைத் துடைச்சீங்களே. என் தொழில்ல அதுக்கு முன்னால யாரும் அப்படி அழுததில்லை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.”

அம்ப்ருஷ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. தையல்கடையில் என்ன நடந்தது என்று தார்னோட்சி சொல்லி அனுப்பவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அம்ப்ருஷ் சவரம் செய்துகொண்டு, மனைவி உயிரோடு இருந்தபோது வாங்கிய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு மேல்மாடிக்கு வந்து கதவைத் தட்டினார்.

“ஹால்மி எங்க குடியிருக்கார்னு விசாரிச்சேன். ஒரு தேநீர் வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கறேன். நீயும் வரியா?”

“அவர் பொய்யன், மாமா.”

“தெரியும்.”

படகுத்துறைக்கு மேலே ஒரு தோட்டக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். குளிர்காற்று வீசியதால் வேறு யாரும் வெளி மேசைகளில் இல்லை. முதலில் ஹால்மி வெட்கப்பட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கண்ணாடிக் குவளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்ப்ருஷ்தான் தொடங்கினார்.

“நாடகக் கொட்டகைக்குப் பின்னால ஒரு சந்து உண்டு. அதுல ஒரு பூக்காரி.”

“ஒத்தைக் கண்ணு.”

“அவளேதான்.”

பிறகு இருவரையும் யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. பேச்சிலேயே சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்தார்கள். மூலைக் கடையில் நுழைந்தார்கள். ஜன்னலோர மேசை யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்ப்ருஷின் மனைவி அந்த மேசையில் என்ன கேட்பாள் என்று அம்ப்ருஷ் சொன்னார். அந்தப் பெயரைப் பிரோஷ்கா அன்றுதான் முதலில் கேட்டாள். ரெபெக்கா.

அந்தக் கடை இப்போது இல்லை. பிரோஷ்கா கிளம்பிய பிறகு அதன் கதவில் பலகை அடித்துவிட்டார்கள் என்று நிஜமான செபெஷி ரயிலேறும்போது அவளிடம் சொல்லியிருந்தார். பரிசாரகரைக் கட்டாய உழைப்புப் படைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவள் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். ஹால்மி அப்போது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று, அந்தப் பரிசாரகர் தட்டோடு நடந்துவரும் நடையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அம்ப்ருஷ் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

பிரோஷ்கா வாயை மூடிக்கொண்டாள். கடைக்காரரைப் பார்த்து இன்னும் மூன்று தேநீர் என்று விரலைக் காட்டினாள்.